மே மாதத் தேதியை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொஞ்சம் தேயிலை இருக்கிறது, குடும்பம் அதில்தான் ஓடுகிறது. மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். உயரம் 158 செ.மீ., எடை 104 கிலோ. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. கழுத்தைச் சுற்றிக் கருத்துவிட்டது, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. ராத்திரியெல்லாம் குறட்டை. வகுப்பில் தூங்குகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். திருப்பூரில் இருக்கும் என் நாத்தனார் மகள் (29 வயது) இரண்டு வருடத்துக்கு முன்பு இரைப்பை ஆபரேஷன் செய்து 40 கிலோ குறைந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து இவளும் அதையே கேட்கிறாள். கோவையில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அரை மணி நேரம் பேசினார்கள், பரிசோதனை எதுவும் எடுக்கவில்லை. மூன்றரை லட்சம் ஆகும், மே மாத லீவில் செய்துவிடலாம், முன்பணம் கட்டிவிட்டுப் போங்கள் என்றார்கள். இவள் அப்பா ஒரே பிடியாக மறுக்கிறார். “நடந்தால் குறையும், வாயைக் கட்டினால் குறையும், பிள்ளை வயிற்றில் கத்தி வைக்க விடமாட்டேன்” என்கிறார். மாமியாரோ “வளர்ற பிள்ளை, தானா வடிஞ்சிரும்” என்கிறார். மகள் என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். இந்த வயதில் இதைச் செய்யலாமா, டாக்டர்?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

16 வயது என்ற ஒரே காரணத்துக்காக இந்த அறுவை சிகிச்சையை மறுக்க வேண்டியதில்லை. உங்கள் மகளின் நிலை அதைப் பற்றி யோசிக்க வேண்டிய நிலைதான். ஆனால் இந்த மே மாதம் வேண்டாம். முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனைகூட எடுக்காமல் பதின்வயதுப் பிள்ளைக்குத் தேதி குறித்துக் கொடுக்கிறார்கள் என்றால், அந்த அவசரம் பிள்ளையுடையது அல்ல.

நான் அறுவை மருத்துவர் இல்லை, குழந்தைகள் நல மருத்துவர். இந்த மலையில்தான் தொழில். அறுவைக்கு முன்பு பிள்ளைகளைத் தயார்செய்து கீழே அனுப்புவதும், அவர்கள் திரும்பி மலையேறி வந்த பிறகு ரத்த அறிக்கைகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதும் என் பங்கு வேலை. அதனால் இந்தப் பதிலில் ஆபரேஷன் தியேட்டரைவிட உங்கள் சமையலறையும் மேட்டுப்பாளையம் ரோடும்தான் அதிகம் வரும்.

முதலில் பாட்டிக்கு. கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைக்கும் பிஎம்ஐ கணக்கில் உங்கள் மகளுக்கு 41.7 வருகிறது. நம் இந்தியக் குழந்தைகள் நல மருத்துவக் கழகம் 2015-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை, பெரியவர்களுக்கான 27-க்குச் சமமான கோட்டைத் தாண்டினாலே உடற்பருமன் என்கிறது. 41.7 அந்தக் கோட்டுக்கு எவ்வளவோ மேலே. பெண் பிள்ளைகள் பெரிய மனுஷியாகி இரண்டு மூன்று வருடத்தில் உயர வளர்ச்சியைக் கிட்டத்தட்ட முடித்துவிடுவார்கள். இனி உயரம் கூடி அந்த எடை சரியாகிவிடும் என்று காத்திருக்க இடமில்லை. தானாக வடியாது.

அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவக் கழகம் 2023-ல் தந்த வழிகாட்டுதல், கடும் உடற்பருமன் உள்ள 13 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அறுவை மையத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம் என்கிறது. பிஎம்ஐ 35-ஐத் தாண்டி, கூடவே சர்க்கரை நோய், தூக்கத்தில் மூச்சுத்தடை போன்றவை இருந்தால் அனுப்பலாம். 40-ஐத் தாண்டிவிட்டால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அனுப்பலாம். அனுப்பச் சொல்வது மதிப்பீட்டுக்கு. பல மாதம் பார்த்துப் பேசி, வேண்டாம் என்ற முடிவோடு திரும்பும் பிள்ளைகளும் உண்டு.

அடுத்து இவள் அப்பா. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. “நடந்தால் குறையும்” என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 104 கிலோவோடு நம் ஊர் ஏற்றத்தில் நடக்கச் சொன்னால் முட்டி வலி வரும், நாலாம் நாள் நின்றுவிடும், “சோம்பேறி” என்று ஒரு பேரும் சேரும். உணவு, நடை, தூக்கம் என்று பழக்கங்களை மாற்றும் சிகிச்சைக்கும் அளவு இருக்கிறது. அதே வழிகாட்டுதல், மூன்று மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் குறைந்தது 26 மணி நேரமாவது குடும்பத்தோடு நேரில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது என்கிறது. உங்கள் மகளுக்கு இதுவரை யாராவது ஒரு மணி நேரமாவது அப்படி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? “சாப்பாட்டைக் குறை” என்பது சிகிச்சை ஆகாது. அதே சமயம், 40-க்கு மேல் போன பிஎம்ஐயை இந்த வழி மட்டும் பெரிதாக இறக்குவது அபூர்வம். அவள் முயலவில்லை என்று குற்றம் சொல்வதை அவர் நிறுத்தினாலே வீட்டில் பாதிப் புழுக்கம் குறையும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஆபரேஷன் பேச்சு அல்ல, அதற்கு முன்னால் நீங்கள் சொல்லிப்போன மூன்று விஷயங்கள். கழுத்துக் கருப்பு, மாதவிலக்கு, குறட்டை.

கழுத்துக் கருப்பு அழுக்கல்ல. கடலை மாவும் பீர்க்கங்கூடும் போட்டுத் தேய்த்தால் தோல் புண்ணாகுமே தவிர நிறம் மாறாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் ரத்தத்தில் அதிகமாகச் சுற்றும்போது தோல் அப்படித் தடித்துக் கருக்கும். அக்குளிலும் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை நோய் வரக்கூடிய உடம்பு என்பதற்கு அது அடையாளம். தேய்ப்பதை இன்றோடு விட்டுவிட்டு, வெறும் வயிற்றில் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் பாருங்கள். மாதவிலக்கு தள்ளிப்போவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம், தைராய்டாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனி மருத்துவம் உண்டு. குறட்டையோடு வகுப்பில் தூக்கமும் இருப்பதுதான் எனக்கு அதிகக் கவலை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் இரவு முழுக்க மூளைக்கு ஓய்வே இருக்காது. பகலில் தூங்கி வழிவாள், படித்தது நிற்காது, பசியும் கூடும். ஒரு இரவு அவள் பக்கத்தில் படுத்து, குறட்டையை உங்கள் போனில் பத்து நிமிடம் வீடியோ எடுங்கள். நடுவில் சத்தம் அறவே நின்று, பிறகு திணறி மூச்சு வாங்குகிறாளா என்று பார்க்க வேண்டும். அந்த வீடியோ டாக்டருக்கு ரொம்ப உதவும். இது உறுதியானால், அறுவை நடக்கிறதோ இல்லையோ, முதலில் அதற்கு வைத்தியம்.

ஈரல் கொழுப்புக்கு ஸ்கேன், ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். தோல் வியாதிக்கோ மூச்சிரைப்புக்கோ ஸ்டீராய்டு மாத்திரை வருடக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறாளா? வலிப்புக்கோ மனநலத்துக்கோ மருந்து உண்டா? சில மருந்துகளே எடை ஏற்றும். இன்னொன்றும் சொல்கிறேன். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரைக் கோளாறான அரிவாள் செல் ரத்தக் கூறு இந்தியாவில் முதன்முதலில் பதிவானது 1952-ல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். மயக்க மருந்து கொடுப்பவர் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. எந்தக் குடும்பமானாலும் இந்த மலையிலிருந்து அறுவைக்குப் போகும் பிள்ளைக்கு அந்த ஒரு ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வது என் வழக்கம். இந்த அடிப்படைப் பரிசோதனைகளுக்காகக் கோவை இறங்க வேண்டாம். 2025 ஏப்ரலில் திறந்த ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் போதும். தூக்கப் பரிசோதனைக்கும் ஹார்மோன் நிபுணருக்கும் கீழே போக வேண்டியிருக்கலாம்.

இனி அறுவை. இப்போது அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ் என்ற முறை. வயிற்றில் நாலைந்து சிறு துளை போட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டியெடுக்கும் பகுதியில்தான், அதனால் பசியும் அடங்குகிறது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸ் என்பதில் இரைப்பையின் உச்சியில் சிறு பையை மட்டும் பிரித்து நேராகச் சிறுகுடலோடு இணைப்பார்கள். உணவு குறைவதோடு சத்து உடம்பில் சேர்வதும் குறையும். நாத்தனார் மகளுக்கு இதில் எது நடந்தது என்று கேட்டு வையுங்கள். ஒன்றுக்கு நடந்தது மற்றதற்குப் பொருந்தாது.

பலன் உண்டா? உண்டு. அமெரிக்காவில் 2007 முதல் 2012 வரை ஐந்து மையங்களில் அறுவை செய்துகொண்ட 242 பதின்வயதினரைத் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று வருட முடிவில் சராசரியாக உடல் எடையில் 27 சதவீதம் குறைந்திருந்தது. இந்தக் கணக்கை உங்கள் மகளுக்குப் போட்டுப் பாருங்கள்: 104 கிலோ 76 ஆகும். 55 ஆகாது. அவள் மனதில் இருப்பது எந்த எண் என்று கேட்டிருக்கிறீர்களா? 76 கிலோவில் சர்க்கரை இறங்கும், மூச்சு சீராகும், மாதவிலக்கு ஒழுங்குக்கு வரும், பஸ்ஸில் ஒரு சீட்டில் இடிபடாமல் உட்காரலாம். உடம்புக்கு இது பெரிய லாபம். ஆனால் இன்ஸ்டாகிராமில் அறுவைக்கு முன், பின் என்று இரண்டு படம் பார்த்துவிட்டுப் போகும் பிள்ளைக்கு 76 தோல்வியாகத் தெரியும். பத்து வருடம் கழித்து அதே ஆய்வில் பார்த்தபோது, பிஎம்ஐ ஆரம்பத்தைவிட 20 சதவீதம் குறைந்த நிலையில் நின்றது. அறுவைக்கு முன் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்குப் பத்தாம் வருடமும் அது திரும்பவில்லை. பெரியவர்கள் அறுவை செய்துகொண்டால் சர்க்கரை இவ்வளவு நன்றாக அடங்குவதில்லை. சின்ன வயதில் செய்வதற்குச் சாதகமாக நான் சொல்லக்கூடிய வலுவான காரணம் இதுதான்.

கணக்கின் மறுபக்கமும் அதே ஆய்வில் இருக்கிறது. மூன்று வருடத்தில் 57 சதவீதம் பேருக்கு உடம்பில் இரும்புச்சத்து இருப்பு குறைந்துபோயிருந்தது. 13 சதவீதம் பேருக்கு வயிற்றில் மறுபடியும் ஏதாவது ஒரு சிகிச்சை தேவைப்பட்டது. சுவீடனில் பைபாஸ் செய்துகொண்ட 81 பிள்ளைகளில், ஐந்து வருடத்துக்குள் கால்வாசிப் பேர் மீண்டும் தியேட்டருக்குப் போக வேண்டியிருந்தது, பித்தப்பைக் கல், குடல் சிக்கல் என்று. அப்பா பயப்படும் உயிர் ஆபத்து, அனுபவமுள்ள மையங்களில் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவை ஒட்டியது. சிறிது, ஆனால் பூஜ்யம் இல்லை. அவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். மறைத்துச் சொன்னால் அவர் பத்திரிகைச் செய்தியைத்தான் நம்புவார்.

என்னை உங்கள் ஊர்ப் பக்கம் யாராவது வழிமறித்து இந்த அறுவை பற்றிக் கேட்டால் நான் பேசுவது மாத்திரை பற்றித்தான். அறுவை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மல்டிவைட்டமின், இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 எல்லாம் உயிருள்ளவரை. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடக் கூடாது, ஒன்று மற்றதை உடம்பில் சேர விடாது. இரும்பு மாத்திரை போட்டதும் டீ குடிக்கவும் கூடாது. தேயிலையில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தேயிலை வைத்திருக்கும் வீட்டுக்கு இதை எழுதுவது எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் காலை எழுந்ததும் ஒன்று, பள்ளி விட்டு வந்ததும் வர்க்கியோடு ஒன்று, படிக்க உட்காரும்போது ஒன்று என்று இருக்கும் வீட்டில் இந்த மாத்திரையை எந்த நேரத்தில் நுழைப்பது என்பது நிஜமான பிரச்சினை. அந்த டீயில் டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதன் கணக்கு வேறு.

மழையும் மேகமுமாக இருக்கும் மாதங்களில், ஸ்வெட்டருக்குள் இருக்கும் பிள்ளைக்கு வெயில் படுவது குறைவு. வைட்டமின் டி குறைவு இப்போதே இருக்கலாம். அறுவைக்குப் பிறகு எலும்பின் அடர்த்தி குறையும். எலும்பு பலமாகச் சேர வேண்டிய வயது இது என்பதால் இதை லேசாக விட முடியாது.

சாப்பாடு எப்படி மாறும் என்று நாத்தனார் மகளிடமே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், படத்தில் பார்த்தது போதாது. முதல் வாரங்களில் தண்ணீர் போன்ற உணவு, பிறகு மசித்தது, ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான் சாதாரணச் சாப்பாடு, அதுவும் ஒரு சின்னக் கிண்ணம். புரதம் தினம் 60 கிராம் சேர வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். முட்டையும் பயறும் தயிரும் மீனும் முதலில் உள்ளே போக வேண்டும், சோறு கடைசியில், இடம் இருந்தால். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு இட்லிக்கு இருபது நிமிடம் ஆகும். ஊர்ப் பண்டிகையில் பந்தியில் உட்கார்ந்தால் பெரியம்மா இன்னொரு கரண்டி போடுவார், இவள் மறுக்கத் தெரியாமல் வாயில் வைப்பாள், எழுந்து போய் வாந்தி எடுப்பாள். இந்த அறுவை ஒருத்திக்கு மட்டும் நடப்பதல்ல என்று நான் சொல்வது அதனால்தான். மாமியாருக்கும் பெரியம்மாவுக்கும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

வாந்தி பற்றி ஒன்று மட்டும் காகிதத்தில் எழுதி பீரோவில் ஒட்டிவையுங்கள். அறுவைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வாந்தி எடுத்தால் உடம்பில் தயமின் என்ற பி1 சத்து தீர்ந்துபோகலாம். கால் மரத்துப்போவது, தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிவது எல்லாம் வரலாம், நரம்பு நிரந்தரமாகக் கெடலாம். அந்த நிலையில் பக்கத்துக் கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் இன்னும் மோசமாகும். குளுக்கோசுக்கு முன் தயமின் ஊசி போட வேண்டும். டாக்டரிடம் “இவளுக்கு இரைப்பை அறுவை நடந்திருக்கிறது, தயமின் போட்டீர்களா” என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது ரோடு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோவை இன்னும் 35. வெட்டித் தைத்த இடத்தில் கசிவு ஏற்படுவது நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். ஆனால் வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் வரும். நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டி நிற்பது, காய்ச்சல், வயிற்று வலி, இடது தோளில் வலி, மூச்சு வாங்குதல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. மே மாதத்தை நான் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சீசனில் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத்தான் திருப்பி விடுகிறார்கள். அந்த நாளில் மேட்டுப்பாளையம் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோடே அடைபடும். எந்த மாதம் செய்தாலும், அறுவைக்குப் பிறகு மூன்று வாரமாவது கீழேயே, கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ, உறவினர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் அதற்கான வாடகையையும் மூன்றரை லட்சத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பணப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாட்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதிப்படி, எடைக்குறைப்பு அறுவைக்கு இன்சூரன்ஸ் தொகை கிடைக்க நோயாளிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். பிஎம்ஐ 40 இருக்க வேண்டும், அல்லது 35-ஓடு குறிப்பிட்ட சில கடும் நோய்கள் இருக்க வேண்டும். மற்ற வழிகளில் எடை குறையவில்லை என்பதற்கும் ஆதாரம் வேண்டும். உங்கள் மகளுக்குத் தனியார் பாலிசி இருந்தாலும் இப்போது பெரும்பாலும் கிடைக்காது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருந்தால், இந்த வயதுக்கு இந்த அறுவைக்குப் பணம் உண்டா என்று மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், “பார்த்துக்கலாம்” என்ற வாய்ப்பேச்சு போதாது. மூன்றரை லட்சம் ஒரு முறைச் செலவு. மாத்திரையும், முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பிறகு வருடாவருடமும் ரத்தப் பரிசோதனையும் பஸ் செலவும் பச்சைத் தேயிலை விலை இறங்கும் மாதத்திலும் நிற்காது.

ஊசி மருந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, அவள் கேட்பாள். செமாகுளுடைடு என்ற வாராந்திர ஊசியை 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு அமெரிக்கா 2022 டிசம்பரில் அனுமதித்தது. 201 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், இந்த ஊசி போட்டவர்களுக்கு 68 வாரத்தில் பிஎம்ஐ சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. அறுவை அளவுக்கு இல்லை, ஆனால் எதையும் வெட்டி எடுப்பதும் இல்லை. ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும், செலவும் தொடரும். ஹார்மோன் நிபுணரிடம் இதையும் ஒரு வழியாக வைத்துப் பேசுங்கள். ஜிம்மிலோ ஆன்லைனிலோ வாங்கவே கூடாது.

எந்த மருத்துவமனை என்று நான் பெயர் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். 18 வயதுக்குக் கீழ் எத்தனை பேருக்கு இங்கே செய்திருக்கிறீர்கள், அவர்கள் ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள்? குழந்தைகள் நல மருத்துவர், ஹார்மோன் நிபுணர், உணவியல் நிபுணர், மனநல ஆலோசகர் நால்வரும் என் மகளைத் தனித்தனியாகப் பார்ப்பார்களா? ராத்திரி இரண்டு மணிக்கு நான் கூப்பிட்டால் போனை எடுப்பது யார்? கடைசிக் கேள்விக்கு ரிசப்ஷன் நம்பரைக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எப்போது செய்வது? பரிசோதனைகளும் இந்த நால்வர் சந்திப்பும் ஒழுங்காக நடக்கவே ஆறு மாதம் ஆகும். அதற்குள் பிளஸ் டூ பாதி ஓடிவிடும். நடுவில் செய்தால் பரீட்சை நேரத்தில் கொத்துக்கொத்தாக முடி கொட்டும் (அறுவை முடிந்து மூன்று மாதத்திலிருந்து அது சகஜம், பிறகு முளைக்கும்), பிள்ளை மனம் உடையும். பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு செய்தால், மூன்றே மாதத்தில் ஹாஸ்டல் மெஸ்ஸில் நிற்பாள். முதல் ஆறு மாதம் அம்மா கைச் சாப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதனால் வீட்டிலிருந்து போய்வரும் கல்லூரியாகப் பாருங்கள். இல்லையென்றால் கோவையில், அந்த மருத்துவமனைக்குப் பக்கத்தில், சமைத்துக்கொள்ளும் வசதியோடு. இதையெல்லாம் மாற்றக்கூடிய ஒன்று உண்டு. சர்க்கரை நோயோ கடுமையான மூச்சுத்தடையோ இருப்பது தெரிந்து, மருந்துக்கு அடங்கவில்லை என்றால், பரீட்சைக்காகக் காத்திருக்கக் கூடாது.

பெண் பிள்ளை என்பதால் இன்னொன்று. எடை இறங்கியதும் மாதவிலக்கு ஒழுங்காகும், கருத்தரிக்கும் திறனும் கூடும். ஆனால் அறுவைக்குப் பிறகு ஒன்றேகால், ஒன்றரை வருடம் கரு தரிக்கக் கூடாது. “எடை குறைஞ்சாச்சு, இனி கல்யாணத்தைப் பார்க்கலாம்” என்று யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லி நிறுத்துங்கள்.

கடைசிப் பகுதியை உங்கள் மகள் தனியாகப் படிக்கட்டும்.

கண்ணு, உன் உடம்பைப் பற்றி இவ்வளவு பேர் பேசுகிறார்கள், உன்னை யாரும் கேட்கவில்லை. 18 வயதுக்குக் கீழே என்பதால் கையெழுத்து அம்மா அப்பாதான் போட வேண்டும். ஆனால் நீ மனதாரச் சம்மதிக்காமல் நல்ல டாக்டர் யாரும் உன்னைத் தொட மாட்டார். நீ கேட்டாய் என்பதற்காக மட்டும் செய்துவிடவும் மாட்டார். அதனால் சில விஷயங்களை உனக்குள் கேட்டுப் பார். எல்லோரும் தூங்கிய பிறகு நிறுத்த முடியாமல் சாப்பிடுகிறாயா? சாப்பிட்டதன் உறையை ஒளித்து வைக்கிறாயா? சாப்பிட்ட பிறகு அருவருப்பாக இருக்கிறதா? இருந்தால் அது உன் தப்பில்லை, அதற்கும் வைத்தியம் உண்டு, ஆனால் அறுவைக்கு முன்பு அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். இரைப்பையைச் சின்னதாக்கினாலும் அந்த இரவுப் பசி வேறு வழியில் திரும்பும். சுவீடனில் எடை நன்றாக இறங்கிய பிள்ளைகளிலேயே பலருக்கு மனச்சோர்வு அப்படியே நின்றது. செத்துவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் 14416-க்குப் போன் செய். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

பிறகு ஒரு வேலை. ரத்தப் பரிசோதனையில் உனக்கு இரும்போ வைட்டமின் டியோ குறைவு என்று வரலாம், மாத்திரை தருவார்கள். அந்த மாத்திரையை மூன்று மாதம் நீயே எடுத்துக்கொள். அம்மா நினைவூட்டக் கூடாது, காலி அட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் வை. எத்தனை நாள் விட்டுப்போனது என்று பார். நிறைய விட்டுப்போயிருந்தால் உனக்கு இந்த அறுவை இப்போது வேண்டாம், ஒன்றும் குடி முழுகிப்போகவில்லை, அடுத்த வருடம் பேசலாம். அறுவை செய்துகொண்டால் சாராயம் உன் உடம்பில் மற்றவர்களைவிட வேகமாக ஏறும் என்பதையும் கல்லூரிக்குப் போகும் முன் தெரிந்துகொள். தொளதொளவென்று தோல் தொங்கும், அது எந்த வீடியோவிலும் வராது. திருப்பூர் அத்தை மகள் அக்காவிடம் அதைக் காட்டச் சொல்.

அம்மா, ஊட்டிக்குப் போகும் நாளில் குறட்டை வீடியோ, பள்ளி மருத்துவப் பரிசோதனை அட்டை, இதுவரை சாப்பிட்ட மருந்துச் சீட்டுகள், மாதவிலக்கு வந்த தேதிகள் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவையும் கூட்டிப் போங்கள், இலை பறிக்கும் நாளாக இருந்தாலும். அவர் கேட்க நினைக்கும் பயங்களை டாக்டரிடம் நேரில் கேட்கட்டும். மகளோடு டாக்டர் கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும் என்றால் நீங்கள் இருவரும் வெளியே உட்காருங்கள். உள்ளே என்ன பேசினாள் என்று வரும் வழியில் பஸ்ஸில் கேட்காதீர்கள்.